உன் பெயரில் விழுந்த ஓட்டு

எங்கே போனாலும் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும் என் அன்பு மாப்பிள்ளை சவரிமுத்துவுக்கு,

ஊரில் பத்திரிகை நடத்தும் நண்பர் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் படித்தவன், தங்கையைக் கொடுத்தவன், என்னைவிட யாருக்குத் தெரியும் என்று ஒத்துக்கொண்டேன். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் உன்னைப் புகழ்ந்து ஆரம்பித்து, உன்மேல் புகாராகவே முடிந்தது. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் சேதி. நம் ஊர் நகரசபைத் தேர்தலின் முதல் சுற்று போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. நீ ஓட்டுப் போட்டுவிட்டாய். சிரிக்காதே. முதல் ஓட்டே உன்னுடையதுதான்.

எப்படி என்று சொல்வதற்கு முன்னால், என் நெஞ்சில் கிடக்கும் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். உன்னைப் பார்த்து எனக்கு எப்போதும் பொறாமைதான். பள்ளிக்கூடத்தில் பரிசுகள் எனக்கு வந்தன, ஆனால் வாத்தியார்கள் கடைசிவரை விசாரித்தது உன்னை. நான் நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பிரெஞ்சுச் சட்டத்தின் ஷரத்துகளைக் கமா தவறாமல் நகலெடுத்தே கிழவனானேன். நீ படிப்பைப் பாதியில் விட்டுப் பெரிய மார்க்கெட்டில் சோடாக்கடை வைத்தாய். நியாயம் கேட்க ஊர் உன் கடைக்கு வந்தது. என் தகப்பனார்கூட, உன் பேச்சுக்குச் சிரித்த சிரிப்பை ஒருநாளும் என் பேச்சுக்குச் சிரித்ததில்லை. பயந்தாங்கொள்ளியான எனக்குத் தைரியநாதன் என்று பேர் வைத்ததைப் பற்றி நீ சொன்னதுதான் அவருக்கு மிகவும் பிடித்தது. “பேரு வச்ச சாமியாரு கொழந்தைய சரியா பாக்கல மாமா.”

வாசகசாலையில் நான் பேசிய மாலை உனக்கு நினைவிருக்கிறதா? ‘ஆட்சி அமைப்புகள் ஏன் மாறுகின்றன’ என்பது தலைப்பு. ஒரு மழைக்காலம் முழுவதும் அதற்காகப் படித்தேன். நம் பாட்டன் காலத்தில் சாதிக்கொரு நாட்டாமை உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். அப்புறம் கடல் கடந்து சட்டம் வந்தது, நகரசபை வந்தது. மேரி என்று நாம் சொல்லும் நகரசபைக் கட்டடமும் வந்தது. தலைப்பாகை போய்த் தொப்பி வந்ததே தவிர, நாற்காலியில் உட்கார்ந்த குடும்பங்கள் பெரும்பாலும் மாறவில்லை. ஐரோப்பியருக்கு ஒரு வாக்காளர் பட்டியல், நமக்கு ஒரு பட்டியல் என்று வைத்து, கையளவு பேருக்குப் பாதி இடம் கொடுத்தார்கள். ஆக, பெயர் முதலில் மாறுகிறது, நடத்தை ரொம்பப் பின்னால்தான் மாறுகிறது, ஏன்? நான் காரணங்களை வகைப்படுத்தினேன். மேலிருந்து வரும் சட்டம், பழைய ஏற்பாட்டுக்குள் அடங்காத புது ஜனங்கள், அதிகாரிகளின் வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது என்று சொல்லிக்கொண்டே போனேன். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கியது எனக்குத் தெரியும்.

கடைசியில் நீ எழுந்தாய்.

“மச்சான், நல்லாத்தான் பேசினே. ஓட்டுப்பெட்டிய ரொப்புறவனுக்குச் சட்டம் தெரியாதா இன்னா? உன்னவிட நல்லாத் தெரியும். ஆனா தெரிஞ்ச ஆளு ஒருத்தன் எதுர நின்னு மூஞ்சியப் பாத்தான்னு வையி, கை வராது. அதுக்குத்தான் கதவ சாத்திக்கிறான்!”

கூட்டம் கைதட்டியது. தூங்கிய இருவரும் எழுந்து தட்டினார்கள். மறுநாள் மார்க்கெட்டில் மீன்காரியிலிருந்து மூட்டை தூக்குகிறவன் வரை உன் பேச்சைத்தான் சொன்னார்கள். என் காரணங்களை ஒருவரும் சொல்லவில்லை. எனக்கே இரண்டாவது காரணம் சட்டென்று நினைவுக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

நீ சொன்ன கதவு நிஜக் கதவு. ஓட்டு நடக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலில் இரண்டு பலகை போட்ட பெரிய கதவு. வாக்காளர் யாரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்பது சட்டம். ஆனால் தேர்தல் தோறும் ஒரு பலகையைத் தாழிட்டுவிட்டு, மறு பலகையின் இடுக்கில் ஒரு தடியனை நிறுத்துவார்கள். முந்தின நாள் மாலை, ஊரை ஆட்டி வைக்கும் பெரியவரின் ஆட்கள் வீடுவீடாக வருவார்கள். மிரட்ட மாட்டார்கள். “நாளைக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கும், வெளிய வராதீங்க” என்பார்கள். மழை மாதத்திலும் அதே வெயில்தான். நாங்களும் பூசைக்கு மட்டும் போய்வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருப்போம். ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் மாதா கோயிலை விட்டு வெளியே வருவதற்குள் ஊர் முழுவதும் ஓட்டுப் போட்டு முடித்திருக்கும்.

நான் விடவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த இரண்டாவது பலகையைத் திறந்து வைக்கும்படி, ஷரத்தைக் குறிப்பிட்டு, என் மிக நல்ல கையெழுத்தில் மேரிக்கு மனுப் போட்டேன். பதில் வந்ததில்லை. நீ என்ன செய்தாய்? கோட்டு மாட்டிக்கொண்டு, அந்தக் கறுப்புக் குடையோடு, பூசை முடிந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போவாய். “உங்க ஓட்டு போட்டாச்சு முசியே” என்று பிரெஞ்சு மரியாதையோடு சொல்வார்கள். “அப்படியா, ரொம்ப சந்தோஷம். யாருக்குப் போட்டேன்?” என்பாய். “அது ரகசியம்” என்பார்கள். தொப்பியைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுத் திரும்புவாய். சாயங்காலம் வரை கடையில் அதே கதை, சோடாவுக்குச் சோடா.

முதலில் ஊர் சிரித்தது. அடுத்த தேர்தலில் உன் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்ததில் சில பேர். பிறகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, ரத்தம் சிந்தி, எட்டு மணி நேர வேலையையும் சங்கம் வைக்கும் உரிமையையும் வாங்கினார்கள். சேர்ந்து நின்றால் நடக்கும் என்று ஒரு தடவை கண்டுகொண்டவர்கள் வெயிலுக்குப் பயந்து வீட்டிலிருப்பார்களா? இந்தத் தேர்தலில் அவர்கள் வரிசையாக வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கதவின் இரண்டு பலகையும் திறந்திருக்கும் என்று மேரியிலிருந்து அறிவித்தார்கள்.

ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? “சோடாக்கார சவரி கதவத் தொறந்துட்டான்.”

நீ திறந்தாயா? நீ அப்போது கல்லறையில் இருந்தாய். அந்த ஆலைக்காரர்கள் இல்லாவிட்டால் உன் கேலி இன்னும் நூறு வருஷம் கேலியாகவே இருந்திருக்கும். என் மனுக்களில் ஒன்றையாவது யாரோ ஓர் அதிகாரி எடுத்துப் படித்து, ‘சட்டம் இப்படித்தான் இருக்கிறது’ என்று மேலே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருக்கலாம். ஒருவேளை என் மனுக்களில் பொட்டலம் மடித்திருக்கலாம். எது நடந்தது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஒரு வழக்கம் உடையும்போது எந்த அடியில் உடைந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் ஊருக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்கு ஒரு முகம் வேண்டும். என் முகம் அதற்கு வாகாக அமையவில்லை.

இனி போன வாரக் கதைக்கு வருகிறேன். தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கையில், உன் மனைவி ரோசாலி மார்க்கெட்டிலிருந்து கூடையை அப்படியே போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணே, கேட்டியா கதைய? இந்தத் தடவ அவரு ஓட்டு போடப் போறாராம்.”

“யாரு?”

“யாரா? எங்க வூட்டுக்காரரு! பெரியவரு ஆளுங்க மீன்கடையில சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறானுங்க. பாவம் சோடாக்காரரு, ஒவ்வொரு தடவையும் ஆசையா வந்து ஏமாந்து போனாரு, இந்தத் தடவ அவரு ஓட்டுத்தான் மொதல்லன்றானுங்க.”

எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. செத்த பிறகும் இவனுக்குத்தான் முதல் மரியாதையா என்று தோன்றியது. அதை ரோசாலியிடம் சொல்வேனா?

“பட்டியல்ல பேரை எடுக்காம விட்டிருப்பாங்க. எல்லாச் செத்தவங்களுக்கும் போடறதுதானே” என்றேன்.

“உசுரோட இருந்த வரைக்கும் ஒரு தடவ போட விட்டானுங்களா? இப்ப அவனுங்க ஆளுக்கே போட வெப்பானுங்களா? நீ போய்க் கேளு.”

“நானா?”

“பின்ன, நானா? பொம்பளைக்குத்தான் ஓட்டு இல்லன்னு வச்சிட்டீங்களே. இருந்தா உன்ன வந்து கேப்பனா?”

சனிக்கிழமை மாலை வழக்கம் போல ஆள் வந்தான். பலராமன் என்று பேர், பெரியவரின் வலது கை. செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றான். “ஐயா, நாளைக்கு வெயில் ஜாஸ்தி. வயசானவங்க, வூட்லயே இருங்க.” கொஞ்சம் நிறுத்தி, “புள்ள பொதுப்பணி இலாகாவுல நல்லா இருக்காரா?” என்றும் கேட்டான். ஒரு கையெழுத்து போதும், என் மகனைக் கோதாவரிக் கரையிலிருக்கும் ஏனாமுக்கு மாற்றிவிடுவார்கள். “சரி தம்பி” என்றேன். 

அன்றும் என் வீட்டுக்கு வந்திருந்த ரோசாலி உள்ளேயிருந்து வந்தாள்.  உன் குடையை என் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை, உன் குடை என் கைக்கு ரொம்பக் கனமாக இருக்கிறது. பூசை முடிந்து அதைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, நீ நடப்பதுபோல் நடக்க முயன்றேன், வரவில்லை.  பள்ளிக்கூடத் தெரு திரும்பியதும் பார்த்தேன். கதவின் இரண்டு பலகையும் திறந்திருந்தன. வெயில் நேராக உள்ளே போய் மேஜைக் காலில் விழுந்தது. அந்த அறையின் தரை என்ன நிறம் என்று அன்றுதான் பார்த்தேன். வாசலிலிருந்து தெருமுனை வரை ஆலைத் தொழிலாளர்கள் வரிசை.

“டேய், சோடாக்காரர் மச்சான்டா! வழி விடு. ஐயா, முன்னால போங்க.”

எனக்கும் ஒரு பேர் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். “வரிசைன்னா வரிசை” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைசியில் போய் நின்றேன். அதற்கும் சிரித்தார்கள். “மச்சான் ரொம்பக் கறாரா இருக்காரு” என்றார்கள்.

மேஜைக்குத் தலைவராக உட்கார்ந்திருந்தவன் லூர்துசாமி. நீதிமன்றத்தில் என் கீழே வேலை பழகியவன், உன் கடையில் சோடா குடித்தே வளர்ந்தவன். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், பாதியில் உட்கார்ந்தான். வாக்காளர் அட்டையை நீட்டினேன். ‘போட்டாச்சு’ என்பான் என்று காத்திருந்தேன். பட்டியலில் விரலை ஓட்டினான். விரல் உன் பேருக்கு நேரே போனது. அங்கே போட்டுவிட்டதற்கான கோடு இருந்தது. என் பேருக்கு நேரே வந்தது. அங்கே ஒன்றுமில்லை.

“போடுங்க ஐயா” என்றான்.

“எனக்குப் போடலியா?”

குரலைத் தாழ்த்தினான். “கதவ தொறந்து வச்சதுல எல்லார் ஓட்டையும் வேகமா போட முடியல. உங்களுத கடைசில பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும்.”

பார்த்தாயா மாப்பிள்ளை? செத்துப்போன உன் ஓட்டை முதல் வேலையாகத் திருடியிருக்கிறார்கள். என்னுடையது அவசரமாகத் திருடுவதற்குக்கூடத் தகுதியில்லாத ஓட்டு. அங்கே நின்றபடி நான் பொறாமைப்பட்டேன். திருட்டுப் போனவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது ஒரு யோசனை வந்தது. பேசாமல் என் ஓட்டுச்சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆயுளில் முதல் தடவை என் கையால் ஓட்டு. நீ இத்தனை வருஷம் குடை பிடித்துக்கொண்டு அலைந்தும் ஒருமுறைகூடச் செய்யாததை நான் செய்தவனாவேன். மகனும் ஏனாமுக்குப் போகவேண்டாம். ஒரு விஷயத்திலாவது உன்னை ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சீட்டை மடித்தேன். கை பெட்டிவரை போனது.

ஆனால் லூர்துவின் விரல் இன்னும் பட்டியல் மேலேயே இருந்தது. அந்தக் கையைப் பார்த்தேன்.

“லூர்து, அடக்கத்துக்கு நீ வந்திருந்தே இல்ல?”

அவன் விரலைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டான்.

“எனக்குப் பக்கத்துலதான் நின்னே. எனக்கப்புறம் நீதான் மண்ணு போட்டே. இந்தக் கையாலதானே போட்டே?”

“ஐயா, மெதுவா பேசுங்க.”

“நான் எப்பவும் மெதுவாத்தான் பேசுவேன். நீ மண்ணு போட்ட ஆளு இன்னைக்குக் காலைல வந்து ஓட்டு போட்டாரா?”

வரிசையில் சத்தம் நின்றுவிட்டது. திறந்த கதவு அதற்குத்தான் உதவியது, நான் முணுமுணுத்ததுகூடத் தெருவரை கேட்டிருக்கிறது. லூர்து வியர்த்துப் போனான். “போட்டதை எப்படிங்க வெளிய எடுக்கறது? பெட்டிக்குள்ள போயிடுச்சே.”

“எடுக்கவேணாம். எழுது” என்றேன்.

இங்கேதான் மாப்பிள்ளை, என் படிப்பு உபயோகப்பட்டது. வாக்காளர் யாரும் ஆட்சேபணை சொன்னால், தேர்தல் நடவடிக்கைக் குறிப்பில் அதை எழுதியே ஆகவேண்டும். அது உன் சோடாக்கடையில் யாருக்கும் தெரியாது. என்ன வாசகத்தில் எழுதவேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். நான் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, லூர்து பேனாவை எடுத்தான், வைத்தான், ஜன்னலோரம் நின்ற பலராமனைப் பார்த்தான். பலராமன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உன் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னேன். பின்னாலிருந்து யாரோ ஒரு தொழிலாளி சொன்னான், “எழுதுங்க முசியே, எங்களுக்கு நேரமாவுது.” இன்னொருவன், “சோடா சூடாவுது” என்றான். சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே லூர்து எழுதினான். ‘மேற்படி சவரிமுத்து என்பவர் இறந்துவிட்டார், அவர் பெயரில் விழுந்த ஓட்டு அவருடையதல்ல.’ எழுத்து கோணலாக இருந்தது. மற்ற நாளாக இருந்தால் திருப்பி எழுதச் சொல்லியிருப்பேன்.

பிறகு என் சீட்டைப் போட்டேன். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது. ஆனால் வெளியே வந்ததும் அந்தப் படியில் சற்று நேரம் நிற்கத் தோன்றியது.

நான் சொன்ன காரணம் சரியா, நீ சொன்னது சரியா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மூஞ்சியைப் பார்த்ததால் லூர்துவுக்கு மறைக்கக் கை வரவில்லை, அது உன் கட்சி. எழுத ஒரு சட்டம் இருந்ததால் எழுத முடிந்தது, அது என் கட்சி. அந்த வரிசை பின்னால் நிற்காவிட்டால் உன் கட்சியும் இல்லை, என் கட்சியும் இல்லை. என் பேச்சில் மறந்துபோன இரண்டாவது காரணம் அதுதான். இதை உன்னிடம் சொல்லி வாதாடவேண்டும் போலிருந்தது. சொல்ல நீ இல்லை. நீ இருந்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

மார்க்கெட் வழியாகத்தான் வீடு திரும்பினேன். செய்தி எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. “பாத்தியா, சோடாக்காரரு செத்தும் கலாட்டா பண்ணிட்டாரு!” கலாட்டா செய்தது நான், மாப்பிள்ளை. ஒருவராவது அதைச் சொல்லவேண்டாமா? என் வீட்டில் காத்திருந்த ரோசாலி மட்டும் கதவைத் திறந்து, குடையை வாங்கி வைத்துவிட்டு, “வெயில் ஜாஸ்தியா அண்ணே?” என்றாள். உனக்குக் கொடுப்பதுபோல ஒரு சோடாவை எனக்கும் உடைத்துக் கொடுத்தாள்.

முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சுற்று. உன் பேர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. இடையில் நீக்க வழியில்லையாம். இரண்டு பலகையும் திறந்திருக்குமா என்று கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. ஒருமுறை திறந்த கதவு மறுபடி மூடிக்கொள்ளாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை, நான் தேடிப் பார்த்தேன். என் மகனிடம் ஏனாமைப் பற்றிச் சொன்னேன். “கோதாவரி மீன் நல்லா இருக்குமாம்பா” என்கிறான். இவன் உன்னைப்போல் பேசுகிறான். அதிலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இதை ஞாயிறுக்கு முன்னால் அச்சில் போடச் சொல்லியிருக்கிறேன். என் பேரோடு.

மாப்பிள்ளை, இந்த ஞாயிறு நான் பூசைக்கு நிற்கமாட்டேன். பூசையை வேறொரு நாள் பார்த்துக்கொள்கிறேன், மேலே சாமியிடம் நீ சிபாரிசு செய். கதவு திறக்கும்போதே அங்கே இருப்பேன். லூர்து பட்டியலை விரித்ததும் உன் பேருக்கு நேரே விரலை வைத்துவிடுவேன், சாயங்காலம் பெட்டியைப் பூட்டும்வரை எடுக்கமாட்டேன். உன் இடம் காலியாகவே இருக்கும். அறுபது வருஷமாக எல்லாவற்றிலும் முந்திக்கொண்டாய். வருகிற ஞாயிறு எனக்கு முன்னால் நீ ஓட்டுப் போடப்போவதில்லை. இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் ரோசாலியின் அண்ணன், உனக்கு எப்போதும் பின்னால் வரும் மச்சான்,
தைரியநாதன்